விளம்பரத்தை வெட்டுனதும் ஆடியோ தள்ளிப் போகுது, டிவி ரெக்கார்டிங் ஃபைல், உதவி வேணும்

நீலவானம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா ஒரு டிவி பேட்டில கலந்துக்கிட்டாரு, ரொம்ப வருஷம் முன்னாடி எடுத்தது, இப்ப அவரு இல்ல. போன மாசம் அதை மறுஒளிபரப்பு பண்ணாங்க, நான் கம்ப்யூட்டர்ல யுஎஸ்பி ட்யூனர் மாட்டி ரெக்கார்ட் பண்ணி வெச்சேன். ஃபைல் டிஎஸ் ஃபார்மட்ல இருக்கு, 2 மணி 10 நிமிஷம், கிட்டத்தட்ட 5 ஜிபி, எம்பெக்-2 வீடியோ, செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஆடியோ எம்பி2 48 கிலோஹெர்ட்ஸ்.

இதுல 6 இடத்துல விளம்பரம் வருது, அதை மட்டும் எடுத்துட்டு குடும்பத்துல எல்லாருக்கும் ஒரு காப்பி குடுக்கணும்னு ஆசை. நான் பண்ணது என்னன்னா ஒரு டீமக்ஸ் ப்ரோகிராம் வெச்சு வீடியோவையும் ஆடியோவையும் தனித்தனி ஃபைலா பிரிச்சேன், விளம்பரம் வர்ற நேரத்தை குறிச்சு வெச்சு ரெண்டுலயும் வெட்டுனேன், அப்புறம் சேர்த்தேன். ஆரம்பத்துல உதடும் குரலும் சரியா இருக்கு, போகப் போக குரல் லேட்டா வருது, கடைசில ஒன்றரை செகண்ட் லேட். ஒரிஜினல் டிஎஸ் ஃபைலை விஎல்சில ஓட்டுனா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எல்லாம் பக்காவா இருக்கு. அதான் எனக்குப் புரியல, ஒரிஜினல்ல சரியா இருக்குறது பிரிச்சு சேர்த்தா ஏன் கெடுது? குவாலிட்டி குறையாம பண்ணணும், மறுபடி என்கோட் பண்ண, அதாவது வீடியோவைப் புதுசா சுருக்கி எழுத, மனசு வரல. ஏற்கனவே மூணு தடவை முதல்ல இருந்து வெட்டிப் பாத்துட்டேன், மூணு தடவையும் இதே கதை.

மஞ்சள்குடை:

நண்பா ரொம்ப யோசிக்காதீங்க, ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற ப்ரோகிராம் இருக்கு, அதுல டிஎஸ் ஃபைலை அப்படியே போட்டு ஃப்ரேம்ரேட்ல 25 கான்ஸ்டன்ட்னு செலக்ட் பண்ணி எம்பி4 ஆக்குங்க, அப்புறம் அந்த எம்பி4ல வெட்டுங்க. எனக்கு இதுவரைக்கும் இப்படிப் பண்ணி சிங்க், அதாவது படமும் குரலும் ஒத்துப் போறது, கெட்டதே இல்ல. குவாலிட்டி ஸ்லைடரை 18 கிட்ட வெச்சா கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஃப்ரேம்பைஃப்ரேம்:

நீலவானம், அவசரப்பட்டு எதுவும் பண்ணாதீங்க, முதல்ல அந்த ஒரிஜினல் டிஎஸ் ஃபைலை இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்து வெச்சுடுங்க. மறுபடி கிடைக்காத ஃபைல்ல நேரடியா கை வெக்கக் கூடாது.

சிங்க் போறதுன்னு எல்லாரும் ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், ஆனா அது மூணு வேற வேற வியாதி, மூணுக்கும் மருந்து வேற. முதல் வகை, ஆரம்பத்துலயே 200 மில்லிசெகண்ட் தள்ளி இருக்கு, கடைசி வரைக்கும் அதே 200தான். ரெண்டாவது, ஆரம்பத்துல சரி, நிமிஷம் ஆக ஆக சொட்டு சொட்டா தள்ளிக்கிட்டே போகும். மூணாவது, ஒரு இடம் வரைக்கும் சரியா இருக்கும், அங்க திடீர்னு ஒரு குதி குதிச்சு அந்தப் புது அளவுலயே நிக்கும், அப்புறம் இன்னொரு இடத்துல இன்னொரு குதி. மேலோட்டமா பாத்தா ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணு மாதிரியே தெரியும், "போகப் போக தள்ளுது"ன்னு தான் எல்லாரும் எழுதுவாங்க, நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. உங்களோடது மூணாவதா இருக்கும்னு என் சந்தேகம். நீங்க வெட்டி சேர்த்த ஃபைலை பத்து நிமிஷத்துக்கு ஒரு இடமா பாத்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க.

இப்ப ஒரிஜினல்ல ஏன் சரியா ஓடுதுங்கறதுக்கு வர்றேன். டிஎஸ் ஃபைல்ங்கறது 188 பைட் 188 பைட்டா நறுக்குன சின்னச் சின்ன பாக்கெட். வீடியோ பாக்கெட் ஆடியோ பாக்கெட் எல்லாம் கலந்து கட்டி வரும். எது எப்ப திரையில வரணும், எது எப்ப காதுல விழணும்னு உள்ள ஒரு நேர முத்திரை இருக்கு, அதுக்குப் பேரு பிடிஎஸ். ஒரு செகண்டை 90,000 பங்காப் பிரிச்சு அந்தக் கணக்குல எழுதியிருப்பாங்க. ப்ளேயர் அந்த முத்திரையைப் பாத்துத்தான் ஓட்டுது. நடுவுல நாலு வீடியோ ஃப்ரேம் காணாம போனாலும் அடுத்த ஃப்ரேம்ல இருக்குற முத்திரை "நான் இந்த நேரத்துக்கு வரணும்"னு சொல்லுது இல்லையா, அதனால ப்ளேயர் அந்த நேரம் வரைக்கும் பழைய படத்தையே நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் சரியான இடத்துல தொடரும், நமக்கு தப்பே தெரியாது.

நீங்க சாதாரணமா டீமக்ஸ் பண்ணதும் அந்த முத்திரை எல்லாம் உதிர்ந்து போயிடுது. கைல மிஞ்சுறது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடுக்குன ஃப்ரேம் மட்டும்தான். சிக்னல் கெட்டு வீடியோல 20 ஃப்ரேம் போயிருந்தா அந்த இடம் காலியா நிக்காது, பின்னாடி இருக்குற படம் எல்லாம் 20 ஃப்ரேம், அதாவது 0.8 செகண்ட், முன்னாடி நகர்ந்து வந்து ஒட்டிக்கும். படம் முன்னாடி வந்துடுச்சு, ஆடியோ அங்கயே இருக்கு, உங்களுக்கு குரல் லேட்டா வர்ற மாதிரி தெரியும். வெட்டுனதால கெடல, பிரிச்ச அந்த நிமிஷத்துலயே கெட்டுப்போச்சு.

வெட்டுறதாலயும் கொஞ்சம் பிழை வரும், அதையும் கணக்குப் போட்டுப் பாத்துடலாம். 25 ஃப்ரேம் வீடியோல ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். எம்பி2 ஆடியோல ஒரு ஃப்ரேம்க்கு 1152 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 24 மில்லிசெகண்ட். 40ம் 24ம் ஒண்ணோட ஒண்ணு சரியாப் பொருந்தாது, அதனால ஒவ்வொரு வெட்டுலயும் ஆடியோ கொஞ்சம் முன்னயோ பின்னயோ போகும், அதிகபட்சம்னு வெச்சாலும் 24 மில்லிசெகண்ட். 6 வெட்டுக்கு 144 மில்லிசெகண்ட். உங்களுக்கு 1500 இருக்கு. கணக்கு உதைக்குது பாருங்க, அப்ப மிச்சம் வேற எங்கயோ இருந்து வருது.

இன்னொரு வழியும் இருக்கு பிழை வர்றதுக்கு. எம்பெக்ல எல்லா ஃப்ரேமும் முழுப் படம் கிடையாது, ஐ-ஃப்ரேம் மட்டும்தான் முழுசு, நடுவுல வர்ற பி-ஃப்ரேம் எல்லாம் பக்கத்து ஃப்ரேமைப் பாத்து "இதுல இருந்து இவ்வளவு மாறியிருக்கு"ன்னு மட்டும் சொல்லும். டிவி எம்பெக்-2ல சாதாரணமா 12 ஃப்ரேம்க்கு ஒரு ஐ-ஃப்ரேம் வரும், அதாவது அரை செகண்டுக்கு ஒண்ணு. மறுபடி என்கோட் பண்ணாம வெட்டுனா வீடியோவை ஐ-ஃப்ரேம்ல இருந்துதான் ஆரம்பிக்க முடியும். நீங்க ஆடியோவைத் தனியா குறிச்ச நேரத்துல வெட்டி, வீடியோவை அந்த ப்ரோகிராம் தானா பக்கத்து ஐ-ஃப்ரேம்க்கு நகர்த்தியிருந்தா ஒவ்வொரு வெட்டுக்கும் அரை செகண்ட் வரைக்கும் கோணல் வரும். ரெண்டையும் தனித்தனியா வெட்டாதீங்கன்னு நான் சொல்றதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

கேசட்காலம்:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரி பிரச்சனை, ஆனா என்னோடது பழைய விஎச்எஸ் கேசட். டிவில இருந்து அந்தக் காலத்துல ரெக்கார்ட் பண்ணது. கேப்சர் கார்டு வழியா விர்ச்சுவல்டப்ங்கற ப்ரோகிராம்ல ஏவிஐ ஃபைலா எடுத்தேன். வெட்டவே இல்ல, அப்படியே ஓட்டுனாலே 90 நிமிஷம் முடியறப்ப ஆடியோ 1.2 செகண்ட் லேட். ஃப்ரேம்பைஃப்ரேம் சொன்ன மாதிரி எழுதிப் பாத்தேன், 30 நிமிஷத்துல 0.4, 60ல 0.8, 90ல 1.2. குதிக்கல, நேர்கோடு மாதிரி போகுது.

ஃப்ரேம்பைஃப்ரேம்:

கேசட்காலம் சார், இவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்க, பாதி வேலை முடிஞ்சுது. இது ரெண்டாவது வகை. ஏவிஐல ஒவ்வொரு ஃப்ரேம்க்கும் நேர முத்திரைனு ஒண்ணு கிடையாது, செகண்டுக்கு 25னு மேல ஒரு தடவை எழுதியிருக்கும் அவ்வளவுதான். வீடியோவை கேப்சர் கார்டு எடுக்குது, ஆடியோவை சவுண்ட் கார்டு எடுக்குது, ரெண்டுலயும் தனித்தனி க்ரிஸ்டல், ரெண்டு கடிகாரம். சவுண்ட் கார்டு 48000னு சொல்லும், நிஜத்துல 48010 எடுக்கும். 10 சாம்பிள்தானேன்னு தோணும், ஒரு மணி நேரத்துக்கு 36,000 சாம்பிள் அதிகமாச்சு, அது 0.75 செகண்ட். உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 0.8, கிட்டத்தட்ட அதே அளவுதான்.

உங்க ஆடியோ 5400 செகண்ட், அதை 5398.8 ஆக்கணும், அவ்வளவுதான் வேலை. ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டர்ல முழு ஆடியோவையும் செலக்ட் பண்ணி ஸ்பீடு மாத்துற எஃபெக்ட்ல புது நீளத்தையே நேரடியா குடுக்கலாம். மாற்றம் 0.022 சதவீதம்தான், சுருதி மாறுனது எந்தக் காதுக்கும் தெரியாது. வீடியோவையும் ஆடியோவையும் சேர்க்குற எம்கேவிடூல்நிக்ஸ் ப்ரோகிராம்லயும் ஆடியோ ட்ராக்கை செலக்ட் பண்ணா டிலேனு ஒரு கட்டமும் ஸ்ட்ரெட்ச்னு ஒரு கட்டமும் இருக்கு, அந்த ஸ்ட்ரெட்ச்ல விகிதம் குடுத்தும் பண்ணலாம், ஆனா அது முத்திரையை மட்டும்தான் மாத்தும் உள்ள இருக்குற சாம்பிளை மாத்தாது, அதனால நான் ரீசாம்பிள் பண்றதைத்தான் நம்புவேன். விர்ச்சுவல்டப்லயே வீடியோ ஃப்ரேம்ரேட் மெனுல ரெண்டோட நீளமும் ஒண்ணாகுற மாதிரி மாத்துற ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டா 25ங்கறது 24.994 மாதிரி ஒரு எண்ணுக்கு மாறும், கம்ப்யூட்டர்ல ஓடும், பின்னாடி டிவிடி கிவிடி பண்ணணும்னா அந்த எண் தொல்லை குடுக்கும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, அடுத்த தடவை கேப்சர் பண்றப்ப கீழ ஓடுற ட்ராப் ஆன ஃப்ரேம், சொருகுன ஃப்ரேம் எண்ணிக்கையைக் கவனிங்க. கேசட் தேஞ்சு போயிருந்தா சிக்னல் ஆடும், கார்டு ஃப்ரேமை விட்டுடும், அப்ப இந்த நேர்கோடு கணக்கு வேலைக்கு ஆகாது, குதிக்கும். அந்த மாதிரி கேசட்டுக்கு நடுவுல டைம் பேஸ் கரெக்டர், அதாவது ஆடுற சிக்னலோட நேரத்தை சீராக்குற கருவி, வெச்சு எடுத்தாத்தான் நிம்மதி.

கேசட்காலம்:

ஆடாசிட்டில 5398.8 போட்டுப் பண்ணிட்டேன். கடைசி சீன் வரைக்கும் உதடு குரலோட ஒட்டி வருது. எத்தனை வருஷமா இந்த கேசட்டை எல்லாம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஓரமா வெச்சிருந்தேன், மிச்சத்தையும் இனிமே எடுத்துடுவேன். ரொம்ப நன்றி.

நீலவானம்:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நீங்க சொன்ன மாதிரியே பேப்பர்ல எழுதுனேன், மூணாவது வகைதான்! 41வது நிமிஷம் வரைக்கும் சரியா இருக்கு, அங்க 0.9 செகண்ட் குதிக்குது, அதுக்கப்புறம் அப்படியே 0.9லயே போகுது, 1 மணி 33வது நிமிஷத்துல இன்னொரு 0.6. நான் இதெல்லாம் ஒரிஜினல் ஃபைல்ல இருக்குற நேரமா மாத்தி எழுதியிருக்கேன். ஒரிஜினல்ல அந்த ரெண்டு இடத்தையும் போய்ப் பாத்தா படம் கட்டம் கட்டமா உடைஞ்சு ஒரு நொடி நிக்குது, குரல் மட்டும் நிக்காம வருது. இதை நான் முன்னாடி கவனிக்கவே இல்ல.

இப்ப எந்த வழில பண்றது?

சுருள்:

எம்பெக்-2 தானே, புராஜெக்ட் எக்ஸ்னு ஒரு பழைய ஜாவா ப்ரோகிராம் இருக்கு, டிவி ஸ்ட்ரீமை சரி பண்றதுக்குன்னே எழுதுனது. அதுவும் டீமக்ஸ்தான் பண்ணும் ஆனா முத்திரையைப் பாத்துப் பாத்துப் பண்ணும், வீடியோவை வெச்சு ஆடியோவை ஒத்துப் போக வெக்கும், ஆடியோ இல்லாத இடத்துல நிரப்பும், அதிகமா இருக்குற இடத்துல எடுத்துடும். வெட்டுறதையும் அதுக்குள்ளயே பண்ணிடலாம், என்ன பண்ணுச்சுன்னு லாக்ல முழுசா எழுதும். எச்.264ங்கற புது வீடியோ ஃபார்மட்ல வந்த எச்டி ரெக்கார்டிங்கை அது எடுக்காது, உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. நான் ரொம்ப நாளா இதைத்தான் யூஸ் பண்றேன், ஒரு தடவை கூட சிங்க் ஏமாத்தல.

ஃப்ரேம்பைஃப்ரேம்:

சுருள் சொல்றது சரியான டூல், நானும் அதைத்தான் முதல்ல சொல்லியிருப்பேன். ஆனா நீலவானம் எழுதுனதுல ஒரு வரி என்னை நிறுத்துச்சு. "குரல் மட்டும் நிக்காம வருது."

புராஜெக்ட் எக்ஸ் வீடியோவைத்தான் தலைவனா வெச்சுக்கும். வீடியோ 0.9 செகண்ட் இல்லைன்னா அந்த 0.9 செகண்ட் ஆடியோவையும் தூக்கிடும், அப்பத்தான் ரெண்டும் ஒண்ணா நடக்கும். கிரிக்கெட் மேட்ச்னா, சீரியல்னா எனக்குக் கவலையே இல்ல, நானே கண்ணை மூடிட்டு பண்ணுவேன். இது உங்க தாத்தா பேசுற பேட்டி. அந்த ரெண்டு இடத்துல அவரு என்ன பேசிட்டு இருக்காருன்னு கேட்டீங்களா?

நீலவானம்:

இப்பத்தான் ஹெட்ஃபோன் போட்டு கேட்டேன். 1:33ல பேட்டி எடுக்குறவரு கேள்வி கேக்குறாரு, அது போனாலும் பரவால்ல. 41வது நிமிஷத்துல தாத்தா அவங்க அம்மா பேரைச் சொல்றாரு. அந்த 0.9 செகண்ட்ல பேரு முழுசும் வருது. நான் சேர்த்த ஃபைல்லயும் குரல் இருக்கு, லேட்டா வந்தாலும் இருக்கு. அதை இழக்க நான் தயாரா இல்ல.

ஃப்ரேம்பைஃப்ரேம்:

அப்ப புராஜெக்ட் எக்ஸ் வேணாம். படம் ஒரு செகண்ட் நின்னாலும் பரவால்ல, குரல் போகக் கூடாது, இதுதான் நமக்கு சட்டம். மனுஷன் பேசுற பதிவு எதுவா இருந்தாலும் நான் இப்படித்தான் முடிவு பண்ணுவேன், உடைஞ்ச படத்தைக் கண்ணு மன்னிச்சுடும், பாதில அறுந்த வார்த்தையை காது விடாது.

வழி ரெண்டு. பிரிக்காமலே டிஎஸ்ஸாவே வெட்டுறது ஒண்ணு. ஸ்மார்ட் ரெண்டர் பண்ற எடிட்டர் எதுவா இருந்தாலும் சரி, வெட்டுற இடத்தைச் சுத்தி இருக்குற சில ஃப்ரேமை மட்டும் மறுபடி என்கோட் பண்ணி மிச்சத்தை அப்படியே காப்பி பண்ணும், முத்திரைல இருக்குற இடைவெளி அப்படியே இருக்கும். இதுல குவாலிட்டி போகாது. ஆனா அந்த 0.9 செகண்ட் ஓட்டை ஃபைலுக்குள்ள ஓட்டையாவே இருக்கும், அதை எப்படி நடத்துறதுன்னு ஒவ்வொரு ப்ளேயரும் அதுவே முடிவு பண்ணும். விஎல்சி ஒழுங்கா நிறுத்தி வெக்கும், டிவில யுஎஸ்பி சொருகி ஓட்டுனா என்ன ஆகும்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

இன்னொண்ணு, மஞ்சள்குடை முதல்லயே சொன்னது. முதல்ல எனக்கு அது பிடிக்கல, உங்களுக்கும் மனசு வரலன்னு சொன்னீங்க, ஆனா இந்த ஃபைலுக்கு அவரு சொன்னதுதான் பொருத்தம்னு இப்ப நினைக்கிறேன். 25 கான்ஸ்டன்ட்னு சொல்லி என்கோட் பண்றப்ப ப்ரோகிராம் முத்திரையைப் பாக்கும், ஓட்டை இருக்குற இடத்துல கடைசியா வந்த ஃப்ரேமையே திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பும், 0.9 செகண்டுக்கு 22 அல்லது 23 ஃப்ரேம். அதுக்கப்புறம் ஃபைல்ல ஓட்டையே இல்ல, எந்த ப்ளேயர்ல ஓட்டுனாலும் ஒரே மாதிரி ஓடும், பிரிச்சாலும் கெடாது. குடும்பத்துல யார் எதுல போட்டுப் பாப்பாங்கன்னு நமக்குத் தெரியாது இல்லையா, அந்தக் காப்பிக்கு இதுதான் சரி. ஒரிஜினல் டிஎஸ் உங்க கிட்ட எப்பவும் இருக்கப் போகுது, அதுல ஒரு பிட் கூட மாறாது.

மஞ்சள்குடை:

நன்றி ஃப்ரேம்பைஃப்ரேம். ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே இப்பத்தான் விளங்குச்சு. ஒண்ணு சேர்த்துக்கிறேன், பழைய டிவி வீடியோ இன்டர்லேஸ்டா இருக்கும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒண்ணு விட்டு ஒண்ணு கோடா ரெண்டு ஃபீல்டா பிரிச்சிருக்கும், செகண்டுக்கு 25 ஃப்ரேம்னாலும் உள்ள 50 ஃபீல்டு இருக்கு. டீஇன்டர்லேஸ் பண்ணா கை அசைக்கிற இடத்துல சீப்பு மாதிரி கோடு வராது. 50 ஆக்குற முறைல பண்ணா அசைவு இன்னும் வழுவழுன்னு இருக்கும், அப்படிப் பண்றதுனா ஃப்ரேம்ரேட்லயும் 50 குடுக்கணும்.

சுருள்:

நானும் ஒத்துக்கறேன், இதுக்கு புராஜெக்ட் எக்ஸ் சரி வராது.

நீலவானம், முழு ஃபைலையும் விளம்பரத்தோட முதல்ல என்கோட் பண்ணுங்க, வெட்டுறது அப்புறம். என்கோட் பண்றப்ப கீஃப்ரேம் (மேல சொன்ன ஐ-ஃப்ரேம் மாதிரி முழுப் படம்) இடைவெளியை 12னு குறைச்சு வெச்சுடுங்க, ஹேண்ட்பிரேக்ல கூடுதல் ஆப்ஷன் எழுதுற கட்டத்துல குடுக்கலாம், கமாண்ட் அடிச்சு ஓட்டுற எஃப்எஃப்எம்பெக் ப்ரோகிராம்லயும் உண்டு. ஃபைல் கொஞ்சம் பெருசாகும், பதிலுக்கு அரை செகண்டுக்கு ஒரு இடத்துல நஷ்டமில்லாம வெட்டலாம், 50 ஆக்குனீங்கன்னா 24 வெச்சா அதே அரை செகண்ட். அப்புறம் லாஸ்லெஸ்கட்லயோ அவிடெமக்ஸ்லயோ வீடியோ ஆடியோ ரெண்டையும் காப்பி மோட்ல வெச்சு, கீஃப்ரேம்க்குத் தாவுற பட்டனை அழுத்தி அழுத்தி அதுல மட்டும் நிறுத்தி வெட்டுங்க. கீஃப்ரேம் இல்லாத இடத்துல வெட்டுனா வீடியோ முந்தின கீஃப்ரேம்ல இருந்து எழுதப்படும், ஆடியோ நீங்க சொன்ன இடத்துல இருந்து வரும், ஃபைலுக்குள்ள "இவ்வளவு தாண்டி ஓட்டு"ன்னு ஒரு குறிப்பு இருக்கும், எல்லா ப்ளேயரும் அந்தக் குறிப்பை மதிக்காது, மறுபடி சிங்க் போச்சுன்னு அழ வேண்டி வரும்.

ஏலக்கா:

எச்டில ரெக்கார்ட் பண்றவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு விஷயம். சில சேனல்ல நிகழ்ச்சி வர்றப்ப ஆடியோ 5.1 (ஆறு சேனல் சரவுண்ட்), விளம்பரம் வந்ததும் ஸ்டீரியோ, மறுபடி 5.1னு ஸ்ட்ரீம் நடுவுலயே மாறும். பல ப்ரோகிராம் ஃபைலோட முதல் சில செகண்டைப் பாத்துட்டு ஆடியோ இப்படித்தான்னு முடிவு பண்ணிடும், மாறுற இடத்துல குழம்பி சில ஃப்ரேமை விட்டுடும், அங்க சிங்க் குதிக்கும். ரெக்கார்டிங் விளம்பரத்துல ஆரம்பிச்சிருந்தா முன்னாடி இருக்குற அந்தத் துண்டை முதல்ல வெட்டி எறிஞ்சுட்டு, அப்புறம் மிச்ச வேலையைப் பாருங்க. எனக்கு ஒரு வாரம் தூக்கம் போச்சு இதைக் கண்டுபிடிக்க.

அப்புறம் பிடிஎஸ் எண்ணுக்கு 33 பிட்தான் இடம், 90,000 பங்கு கணக்குல அது ஏறக்குறைய 26.5 மணி நேரத்துல தீர்ந்து மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். அந்தத் திருப்பம் உங்க ரெக்கார்டிங் நடுவுல விழுந்தா சில டூல் பைத்தியம் பிடிச்ச மாதிரி நடக்கும், ஃபைல் நீளம் 26 மணி நேரம்னு காட்டும். அபூர்வம்தான். வந்தா பயப்படாதீங்க, திருப்பத்துக்கு முன்னாடி ஒரு துண்டு பின்னாடி ஒரு துண்டுன்னு பிரிச்சு சரி பண்ணிட்டு சேர்த்துடலாம்.

நீலவானம்:

என்கோட் ஓடிட்டு இருக்கு. ஒரு கேள்வி, முடிஞ்சதும் சிங்க் சரியா இருக்குன்னு எப்படி உறுதி பண்றது? கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டே இருந்தா சரியா இருக்குறதும் தப்பா தெரிய ஆரம்பிக்குது.

ஃப்ரேம்பைஃப்ரேம்:

எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும், நிறுத்திட்டு எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்து பாருங்க. பாக்குறப்ப பொதுவா வாயைப் பாக்காதீங்க, ப, ம வர்ற வார்த்தையைத் தேடுங்க. "அம்மா", "அப்பா" சொல்றப்ப உதடு ரெண்டும் முழுசா மூடித் திறக்கும், திறக்குற அந்த ஃப்ரேம்லதான் சத்தம் வெடிக்கணும். அ, ஆ, க மாதிரி எழுத்தை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. மேஜைல கப் வெக்கிற சத்தம், கைதட்டல் இதெல்லாம் இன்னும் நல்லது. ஆடாசிட்டி மாதிரி ஒண்ணுல அலைவடிவத்தைப் பாத்து அந்த முள்ளு எந்த மில்லிசெகண்ட்ல இருக்குன்னு குறிச்சு, ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தி ஒத்துப் பாத்தா சந்தேகமே இருக்காது.

எவ்வளவு வரைக்கும் தாங்கும்னா, ஒளிபரப்புக்கு ஐடியு (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) 1998ல வெளியிட்ட பிடி.1359 பரிந்துரைல ஒரு அளவு இருக்கு: ஆடியோ 45 மில்லிசெகண்ட் முந்துனாலே கண்டுபிடிச்சுடுவோம், பிந்துனா 125 வரைக்கும் தெரியாது. ரெண்டும் சமமா இல்ல பாருங்க. தூரத்துல ஒருத்தர் கைதட்டுனா கை முதல்ல தெரியும் சத்தம் பின்னாடிதான் வரும், அது நமக்குப் பழகிப் போச்சு, சத்தம் முந்தி வர்றது இயற்கைல கிடையவே கிடையாது. அதனால 20, 30 மில்லிசெகண்ட் எந்தப் பக்கமாவது தள்ளித்தான் ஆகணும்னா பின்னாடி தள்ளுங்க.

ஒவ்வொரு வெட்டுக்கு அப்புறமும் ஒரு இடம், 41வது நிமிஷத்துக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, 1:33க்கும் அதே மாதிரி, கடைசி நிமிஷத்துல ஒண்ணு. நடுவுல பாக்காம கடைசியை மட்டும் பாத்துட்டு சரின்னு சொல்லிடாதீங்க, ஒரு குதி முன்னாடி ஒரு குதி பின்னாடின்னு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டு கடைசில சரியா இருக்குற மாதிரி காட்டும்.

நீலவானம்:

முடிஞ்சுது. டீஇன்டர்லேஸ் பண்ணி 50 ஆக்குனேன், கீஃப்ரேம் 24. முழுசா என்கோட் பண்ணி, 6 விளம்பரத்தையும் கீஃப்ரேம்ல நிறுத்தி வெட்டி சேர்த்தேன். நீங்க சொன்ன இடம் எல்லாத்தையும் பாத்தேன், கடைசி நிமிஷத்துல தாத்தா "போதும்பா"ன்னு சொல்ற இடம் இருக்கு, ப-ல உதடு திறக்குற ஃப்ரேமும் அலைவடிவத்துல முள்ளும் ஒரு ஃப்ரேம் வித்தியாசத்துல இருக்கு. டிவில யுஎஸ்பி போட்டும் பாத்தாச்சு, ஃபோன்லயும் பாத்தாச்சு.

ஒரே ஒரு குறை, நாலாவது விளம்பரம் முடிஞ்சு நிகழ்ச்சி ஆரம்பிக்கிற இடத்துல விளம்பரத்தோட கடைசிப் படம் ஒரு மின்னல் மாதிரி வந்து போகுது. அடுத்த கீஃப்ரேம்க்குப் போனா தாத்தா பேச ஆரம்பிச்ச முதல் எழுத்து போயிடுது.

சுருள்:

 நிகழ்ச்சி ஆரம்பிக்கிற சரியான ஃப்ரேம்ல ஒரு கீஃப்ரேம் வெக்கச் சொல்லி எஃப்எஃப்எம்பெக்ல முழு ஃபைலையும் திரும்ப ஓட்டலாம், குறிப்பிட்ட நேரத்துல கட்டாயமா கீஃப்ரேம் வெக்கிற ஆப்ஷன் அதுல இருக்கு, எத்தனை நேரம் வேணும்னாலும் கமா போட்டு வரிசையா குடுக்கலாம். இப்பத்தான் உங்க கைல 6 விளம்பரத்தோட ஆரம்ப நேரம் முடிவு நேரம் எல்லாம் சரியா இருக்கே, பன்னெண்டையும் குடுத்துடுங்க. ஆனா என்கோட் பண்ண எம்பி4ல இருந்து ஓட்டாதீங்க, ஒரிஜினல் டிஎஸ்ல இருந்தே ஓட்டுங்க, ரெண்டு தடவை குவாலிட்டி இழக்க வேணாம். டிஎஸ்ல நேரம் பூஜ்யத்துல ஆரம்பிக்காம இருக்கலாம், அதையும் ஒரு பார்வை பாத்துட்டு குடுங்க.

நீலவானம்:

ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கிட்டேன், காலைல வெட்டுனேன். பன்னெண்டு இடமும் ஃப்ரேம் சுத்தம், மின்னல் இல்ல, முதல் எழுத்தும் இருக்கு. சிங்க் மறுபடி எல்லா இடத்துலயும் பாத்தேன், சரியா இருக்கு.

பாட்டிக்கு இன்னைக்கு மதியம் போட்டுக் காட்டுனோம். 41வது நிமிஷத்துல படம் ஒரு செகண்ட் நின்னுச்சு, பேரு தெளிவா வந்துச்சு. பாட்டி அங்க நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை போடச் சொன்னாங்க. ஒரிஜினல் டிஎஸ் இப்ப ரெண்டு டிஸ்க்ல இருக்கு.